விண்ணப்பத்தின் கடைசிப் பத்தி

நெருப்பெரிச்சல், திருப்பூர்
9 ஜூலை 2024

மதிப்பிற்குரிய சம்பந்தி சுப்பண்ணன் அவர்களுக்கு ராக்கியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் பழனாயி அம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாளவாடி மலையில் இந்த வருடம் மழை முந்திக்கொண்டது என்று கேள்விப்பட்டேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு இரண்டு அறை. ஓர் அறையில் பேசினால் மற்றதில் கேட்கும். தங்கள் குரலோ, தவறாக நினைக்க வேண்டாம், போனை மேசைமேல் வைத்தாலும் கேட்கும். எழுதப்போவது தங்கள் மகளைப் பற்றி. அவள் காதுபடப் பேச எனக்கு மனம் வரவில்லை.

விட்டுப்போகாமல் இருக்க, சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. தரணியும் பேத்தியும் இருக்கும் நிலை.
2. தரணி ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பது.
3. அந்த வேலை நல்லது என்று நான் நினைப்பதன் காரணம்.
4. சித்திரையில் தாங்கள் வந்தபோது கேட்டதற்கு என் பதில்.

முதலாவது. இருவரும் நலம். மகன் அருள்செல்வன் போய் இந்த ஆனியோடு இரண்டு வருடம் முடிந்தது. தரணி இப்போது இங்கேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஒன்றரை ஷிப்ட் என்று நிறுத்திக்கொண்டால் வீடு வர இரவாகிவிடுகிறது. தன்ஷிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா வரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள்.

இரண்டாவது. ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவுக்கு அலுவலக உதவியாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. தரணி பி.காம் படித்தவள். விண்ணப்பத்தை நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏற்றுமதிக் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் கடிதம் எழுதிய கை அல்லவா? கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: விண்ணப்பதாரர் இளம் வயதில் கணவனை இழந்தவர், ஒரு பெண் குழந்தையும் வயதான மாமனார் மாமியாரும் இவரை நம்பியிருக்கிறார்கள், கருணை கூர்ந்து பரிசீலிக்க வேண்டும் என்று. அந்தப் பத்தி வேண்டாமே என்று தரணி ஒருமுறை சொன்னாள். அந்தக் காலத்தில் இப்படித்தான் எழுதுவோம் என்றேன். விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது. காலை போனால் சாயங்காலம் வீடு. மாதச் சம்பளம். உட்கார்ந்து செய்யும் வேலை.

நான்காவது. தரணியையும் குழந்தையையும் தாளவாடிக்கு அனுப்பச் சொன்னீர்கள். பெற்றவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் யோசனை இது: தை பிறப்பதற்குள் இந்த வேலை அமைந்தால் அவர்கள் இங்கேயே இருக்கட்டும். அமையாவிட்டால் நான் ஒரு வார்த்தை மறுக்காமல் அனுப்பிவைக்கிறேன். தரணி சாது. அவளுக்கென்று தனியாக ஓர் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. நாம் இருவரும் கூடி எதை முடிவு செய்தாலும் அதன்படி நடப்பாள்.

இதில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். வீட்டில் மருதாள் தங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தங்கள்,
ராக்கியப்பன்


தாளவாடி
22 ஜூலை 2024

சம்பந்தி அவர்களுக்கு சுப்பண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். பழனாயிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, வேறு குறை இல்லை.

உங்கள் கடிதம் கிரயப் பத்திரம் மாதிரி இருக்கிறது. படித்து முடிக்க எனக்கு அரை நாள் ஆனது. பழனாயி, "ஏனுங்க, கையெழுத்துப் போடோணுமா?" என்று கேட்டாள்.

தை என்றால் தை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. போன வருடம் யானை இறங்கி என் மக்காச்சோளத்தை மிதித்தது. பயிருக்கு இன்சூரன்ஸ் கட்டியிருந்தேன். வந்து பார்த்தவன் யானை மிதித்ததா, மாடு மிதித்ததா என்று என்னையே கேட்டான். அப்படிப்பட்டவர்கள் என் மகளை என்னென்ன கேட்பார்களோ.

பேத்திக்குக் கொய்யா கொடுத்து அனுப்புகிறேன். பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறது, வாங்கிக்கொள்ளவும்.

சுப்பண்ணன்


நெருப்பெரிச்சல்
18 ஆகஸ்ட் 2024

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். கொய்யா வந்து சேர்ந்தது. தன்ஷிகா, "எங்க அப்புச்சி தோட்டத்துது" என்று தெருவெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பழனாயி அம்மாள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. தங்களுக்குத் தெரியாததல்ல.

முதல் நேர்முகம் முடிந்தது. திருப்பூர்க் கிளையிலேயே நடந்தது. நானும் கூடப் போனேன். போயிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. வரவேற்பில் இருந்த பெண், "இன்டர்வியூ உங்களுக்குங்களா சார்?" என்று என்னைக் கேட்டாள்.

காலையில் வரச் சொன்னார்கள். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். பிறகு சார் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். சாப்பிட்டு வந்தவர் மறுபடி மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஏ.சி. குளிரில் தரணி சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் அரை நாள் லீவுதான் கேட்டிருந்தாள். அது முழு நாளாகிவிட்டது. வெயில் சாய்ந்த பிறகு கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு மூடவில்லை, எனக்கும் கேட்டது.

"மூணு வருஷத்துல மூணு கம்பெனி மாறியிருக்கீங்களேம்மா. எங்ககிட்ட எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"கம்பெனி மாறலீங்க சார். போர்டுதான் மாறுச்சு."

"புரியலை."

"மொதல்ல மொதலாளி பேர்ல இருந்துச்சுங்க. அப்பறம் அவங்க சம்சாரம் பேர்ல ஆச்சு, அப்பறம் புள்ளை பேர்ல. நான் அதே சேர்லதானுங்க உக்காந்திருந்தேன்."

உள்ளே இருந்தவர் சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார். தவறு என்னுடையது. நான்தான் ஒவ்வொரு பெயரையும் தேதிவாரியாகத் தனித்தனி வேலையாக எழுதியிருந்தேன். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று நினைத்தேன். வரிக் கணக்குக்காகக் கம்பெனிப் பெயரை மாற்றுவது திருப்பூரில் இருப்பவர்களுக்கு விளங்கும் விஷயம். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு எப்படி விளங்கும்?

ஆனாலும் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள். அந்தக் கடைசிப் பத்தி கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

ராக்கியப்பன்


நெருப்பெரிச்சல்
15 செப்டம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு. நாங்கள் நலம். தங்கள் நலம் தெரிவிக்கவும். மலையில் குளிர் கூடியிருக்கும், காலையில் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகவும்.

இரண்டாம் சுற்று கோயமுத்தூரில். கணினியில் ஒரு தேர்வு. பாதியில் கணினி நின்றுவிட்டது. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் போனால், தேர்வு எழுதியாகிவிட்டது என்று கணினி சொல்கிறதாம். யாரிடம் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து போய் மேசையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் போனேன். "என்ன சார்?" என்றார். குடிநீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். தரணிதான் போய்ப் பேசி, மறுபடி தேர்வு எழுத அனுமதி வாங்கினாள்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெண் திரையில் தோன்றிக் கேள்வி கேட்டாள். வீட்டுக்கு வந்தபின் தரணி மருதாளிடம் சொன்னது இது. அடுப்படியில் சொன்னாள், எனக்கும் கேட்டது.

"இருபத்திரண்டுல இருந்து ஒரு வருஷம் கேப் இருக்கே, அந்த டைமை எப்படி யூஸ் பண்ணீங்கன்னு கேட்டாங்க அத்தை."

"நீ என்ன சொன்னே கண்ணு?"

"ஒண்ணும் பண்ணலீங்கன்னு சொன்னேன்."

மருதாள் குழம்பில் இரண்டாம் முறை உப்புப் போட்டுவிட்டாள்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்தாள், குழந்தைக்குத் தலை பின்னினாள், அருள்செல்வன் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து மடித்து வைத்தாள். நல்ல ஆங்கிலத்தில் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் சுற்று உண்டாம். அதுவே கடைசி என்கிறார்கள்.

ராக்கியப்பன்


தாளவாடி
27 செப்டம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு. இங்கே சுகம். காதுக்குத் துணி கட்டிக்கொண்டேன். இந்தக் கோலத்தில் பார்த்தால் நம் வீட்டு நாயே குரைக்கும் என்கிறாள் பழனாயி.

ஒரு வேலைக்கு எத்தனை சுற்று? மூன்று சுற்று மாரியம்மன் கோயிலுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நான் தரணியைக் கட்டிக்கொடுக்க வந்தபோது நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், "புள்ளைக்கு இங்க வர்றதுக்குச் சம்மதமுங்களா?" என்று. அதற்கும் நான்தான் பதில் சொன்னேன்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் என் மகளைத் தாங்குவது எனக்குத் தெரியும். ஆனால் அவள் மெலிந்து போயிருக்கிறாள் என்று சித்திரையில் பார்த்தேன். அதை மறக்க முடியவில்லை. இங்கே வீடு பெரியது, பால் இருக்கிறது, பள்ளிக்கூட வேன் வருகிறது. தைக்கு மேல் நாள் கேட்க வேண்டாம்.

பேத்திக்கு முத்தம்.

சுப்பண்ணன்


நெருப்பெரிச்சல்
20 அக்டோபர் 2024

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. நாள் கேட்க மாட்டேன்.

மூன்றாம் சுற்று கோயமுத்தூரில், வேல்குமார் என்ற மேலாளரிடம். நான் கீழே பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை காத்திருக்க வைக்கவில்லை. மேலே போனவள் நான் டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கி வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னாங்கம்மா?"

"அது நமக்கு ஒத்து வராதுங்க மாமா. வாங்க, பஸ்ஸுக்குப் போலாம்."

"ஏன், பேப்பர்ல ஏதாச்சும் குறையா? அந்த போர்டு மாறின விஷயத்தைக் கேட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. உங்க பேப்பர் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாங்க."

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று புரிந்தது. எழுந்து டீக்குக் காசு கொடுத்தேன். அவிநாசி வரும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திருப்பூரில் இறங்கியதும் ஒரு பேன்சி கடைக்குள் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கினாள். வழக்கமாக அவள் வைப்பது கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் புள்ளி. வாங்கியது பெரிய சிவப்பு. கடை வாசலிலேயே ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டாள். வேலை கிடைக்காத அன்றைக்கு இது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததையும் எழுதிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன்.

ஆக, வேலை இல்லை. நான் சொன்ன சொல் சொன்னதுதான்.

தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு அனுப்புவதாக மருதாள் சொல்கிறாள்.

ராக்கியப்பன்


நெருப்பெரிச்சல்
19 நவம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு. தங்களிடமிருந்து ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முறுக்கு கிடைத்ததா? தரணி போனில் தங்களுடன் பேசுவது தெரியும். ஆனால் மாடியில் போய்ப் பேசுகிறாள். எல்லோரும் நலம் என்று மட்டும் வந்து சொல்கிறாள்.

என்மேல் வருத்தமாக இருக்கலாம். இருந்தால் நியாயம்தான். தரணியை ஏன் நிராகரித்தார்கள் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்று, கம்பெனிப் பெயர்களை நான் எழுதிய விதம். இரண்டு, அந்த ஒரு வருட இடைவெளி. மூன்று, ஒவ்வொரு தடவையும் கிழவன் ஒருவன் கூட வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தனியாக எதுவும் செய்யத் தெரியாத பெண் என்று நினைத்திருப்பார்கள். மூன்றில் இரண்டு என் வேலை.

என்ன குறை என்று தெரிந்தால் வேறு இடத்துக்காவது திருத்தி எழுதலாம். நான் அந்த மேலாளரை நேரில் பார்த்துக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.  முதலாளியின் அறைக்கு வெளியே நின்று, சம்பளம் உயர்த்திக் கேட்காமலே ஓய்வு பெற்று வந்தவன் நான். ஆனால் தை வருகிறது.

நேரில் போவதற்கு வேறொன்றும் காரணம் இல்லை. தன்ஷிகாவுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. இப்போதெல்லாம் பின்னங்கணக்கு நன்றாகப் போடுகிறாள்.

தாங்கள் இரண்டு வரி எழுதினால் ஆறுதலாக இருக்கும்.

ராக்கியப்பன்


நெருப்பெரிச்சல்
8 டிசம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு. நலம் விசாரிப்பதற்குக்கூட இன்று கை ஓடவில்லை, மன்னிக்கவும்.

கோயமுத்தூர் போய் வந்தேன். பென்ஷன் விஷயம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். வேல்குமார் உடனே உள்ளே கூப்பிட்டார். நல்ல மாதிரியாகத்தான் நடந்துகொண்டார். நாற்காலி போட்டார், காபி சொன்னார். பேசியதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

"அந்த அப்ளிகேஷன் நீங்க எழுதினதா சார்? ரொம்ப டச்சிங். கடைசிப் பத்தியை எங்க மீட்டிங்ல வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாங்க."

"எதனால வேண்டாம்னு சொல்லீட்டீங்கன்னு தெரிஞ்சுட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றேன்.

"நாங்க எங்க சார் வேண்டாம்னோம்? ஆஃபர் ரெடியா வெச்சிருந்தேன். அவங்கதான் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"கிளெய்ம் வேலைதானுங்களே?"

"அந்த போஸ்ட் எப்பவோ ஃபில் ஆயிடுச்சு. அதுல என்ன சார் இருக்கு? இவங்களை நான் சேல்ஸுக்குக் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் உங்க ஊர்ல கம்பெனி கேட்ல லேடீஸ் எல்லாம் வாரச் சம்பளம் வாங்கிட்டு வெளிய வருவாங்கல்ல? அங்க நின்னு தன் கதையைச் சொன்னாப் போதும். 'எங்க வீட்டுக்காரர் பாலிசி எடுக்கலை, இப்ப நான் இப்படி நிக்கிறேன்.' வேற ஒண்ணுமே வேண்டாம் சார். கொஞ்சம் சிம்பிளா வரச் சொன்னேன். பொட்டு இல்லாம இருந்தா இன்னும் எடுபடும்னு சொன்னேன். ஒரு நாளைக்குப் பாப்பாவையும் கூட்டிட்டு வந்தா..."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"அவ என்னங்க சொன்னா?"

"'அந்த வாரச் சம்பளத்தை வாங்கிட்டுப் போக ஏற்கனவே வாசல்ல கடன்காரங்க நிக்கறாங்க, நானும் போயி நிக்க மாட்டனுங்க'ன்னாங்க. அவ்வளவுதான், போயிட்டாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க சார். ஏன், நீங்களே கூட வரலாம். மகனை இழந்த அப்பா. உங்க கேஸ் இன்னும் ஸ்ட்ராங்."

"அவன் பேரு அருள்செல்வனுங்க" என்றேன்.

"ஓகே சார்" என்றார்.

 எழுந்து, கும்பிட்டுவிட்டு வந்தேன். ஏன் கும்பிட்டேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிவப்புப் பொட்டு நினைவுக்கு வந்தது. அவர்கள் அவளைக் கேட்டது அவளுடைய படிப்புக்காக அல்ல. நான் எழுதிய அந்தப் பத்திக்காக. வேண்டாம் என்று அவள் சொல்லியும் நான்தான் சேர்த்தேன்.

ராக்கியப்பன்


தாளவாடி
17 டிசம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு. எங்களுக்கு உடம்பு நல்லபடியாக இருக்கிறது. முறுக்கும் வந்தது. பழனாயி டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எனக்குக் கணக்காகத் தருகிறாள்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் அல்ல. கோயமுத்தூரிலிருந்து வந்த அன்றைக்கே தரணி எனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். பழனாயி, "அருவாளோட ஏறுனா கண்டக்டர் எறக்கி உட்ருவானுங்க" என்றாள்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று தரணி என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். "மாமா அந்தப் பேப்பரை மூணு நாள் குனிஞ்ச தலை நிமிராம எழுதுனாருங்கப்பா. அதனாலதான் இப்படிக் கேட்டாங்கன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவாரு" என்றாள். கடிதம் எழுத உட்கார்ந்தால் பொய் எழுத வேண்டும். எனக்குப் பேச்சில் வரும் பொய் எழுத்தில் வராது. அதனால் எழுதவில்லை. நீங்களே தெரிந்துகொண்டுவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பத்தியைப் பற்றி நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதியதில் பொய் என்ன இருக்கிறது?

ஆனால் வேலை இல்லை என்றால் இல்லைதான். பேச்சு மாற வேண்டாம். பொங்கல் முடிந்த மறுநாள் வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டு வைக்கவும். மருதாளம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லவும். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

சுப்பண்ணன்


நெருப்பெரிச்சல்
6 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு. இந்தக் கடிதம் தங்களையும் பழனாயி அம்மாளையும் நல்ல சுகத்தில் காண வேண்டும்.

டி.சி. வாங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தங்கள் கடிதம் வந்த பிறகு, கோயமுத்தூர் போய் வந்ததைத் தரணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"தரணி, நான் அந்த மேனேஜரைப் பாத்துட்டு வந்தேம்மா."

"தெரியுமுங்க மாமா. கோயமுத்தூர் பஸ் டிக்கெட் உங்க சட்டைப் பையில நனைஞ்சு கெடந்துச்சு. பென்ஷன் ஆபீஸ் அங்க இல்லீங்களே."

"அந்தப் பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாது."

"எழுதுனது எழுதியாச்சு. உடுங்க மாமா."

விட்டிருக்கலாம். ஆனால் தங்களுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. பொங்கல் கழிந்து அவள் அப்பா வேன் எடுத்துக்கொண்டு வருகிறார் என்று சொன்னேன். அவள் துவைக்கிற கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க மாமா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன, லாரி ஆபீஸ்ல போட்ட பண்டலுங்களா? அங்க ஏத்தி இங்க எறக்கறதுக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெருமாநல்லூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ்ல தை ஒண்ணாந் தேதிக்கு மேல வரச் சொல்லீருக்காங்க. என்கூட செக்கிங் பாத்த இந்துமதி சொல்லி உட்டா. போயி நின்னேன். மொதலாளியம்மா நாலு இன்வாய்ஸைக் கொடுத்துப் பாக்கச் சொன்னாங்க. பாத்துக் குடுத்தேன். 'எப்ப வர்றே கண்ணு?'ன்னு கேட்டாங்க, அவ்வளவுதானுங்க. 'ஆறு மணிக்கு மேல இருக்க மாட்டனுங்க, புள்ளை இருக்குது'ன்னேன். சரின்னுட்டாங்க. பக்கத்துலயே ஒரு லைன் வீடு பாத்து அட்வான்ஸும் குடுத்துட்டேன். ரூம் ஒண்ணு, சமையக்கட்டு ஒண்ணு. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருமாம். பாப்பா ஸ்கூல் வேன் அந்த வழியாத்தான் போகுது."

"இங்கிருந்தே போயிட்டு வரலாமேம்மா. டவுன் பஸ் இருக்குது."

கேட்டே விட்டேன், சம்பந்தி. இத்தனை மாதமாகத் தங்களுக்கு எழுதாத ஒரே வரி அதுதான். அனுப்ப எனக்கு மனமில்லை என்று ஒரு கடிதத்திலும் நான் எழுதவில்லை.

"வரலாமுங்க. ஆனா இங்க இருந்தா நீங்க பாத்துக்கறீங்க, அங்க போனா எங்கப்பா பாத்துக்குவாரு. நான் எப்பங்க என்னைப் பாத்துக்கறது? ஞாயித்துக்கெழமை ஆனா நாங்க வந்தர்றோம். இல்லீன்னா நீங்க ரெண்டு பேரும் வாங்க. அத்தை வெக்கற ரசம் எனக்கு வராது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேண்டாம்னு மட்டும் சொல்லீராதீங்க மாமா. நீங்க சொன்னா மீறத் தெரியாது எனக்கு. அதனாலதான் கேக்காமயே அட்வான்ஸ் குடுத்தேன். எங்கப்பாகிட்டவும் சொல்லலை."

 வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது என்பதைத் தங்களிடம் மறைக்கவில்லை. "பால் காய்ச்ச எந்த நாள் பாத்திருக்கே?" என்று கேட்டேன். அவள் குனிந்து வாளியில் இருந்த துணியைப் பிழிய ஆரம்பித்தாள். ஏற்கனவே பிழிந்த துணி அது.

மருதாளிடம் தாங்கள் சொன்னபடி பக்குவமாகச் சொன்னேன். "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமாக்கும். புதுப் பாத்திரம் வாங்கி நான் கட்டிலுக்கடியில வெச்சு பத்து நாளாச்சு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தங்களுக்கு வருத்தம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. வீடு பார்க்க நேற்று நானும் போனேன். சிறிய வீடு. கிழக்குப் பார்த்த வாசல். தன்ஷிகா சன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "அப்பாரு, இது என் எடம்" என்றாள். மின்விசிறி சத்தம் போடுகிறது, எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன்.

வேன் எடுத்துக்கொண்டு கட்டாயம் வரவும். தை நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறாள். சாமான் ஏற்றுவதற்கு வண்டி வேண்டும். பழனாயி அம்மாளையும் அழைத்து வரவும், படி ஏற வேண்டியதில்லை. தரணி இன்று தங்களுக்குப் போன் செய்வாள். மாடிக்குப் போகாமல் எங்கள் எதிரிலேயே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும் என்று தெரிந்தும் எழுதினேன். ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தது.

ஜூலையில் எழுதிய முதல் கடிதத்தில் நான்காவதாகச் சொன்னது தவறு. தரணிக்கென்று தனியாக ஓர் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். நான் அவளைக் கேட்டதே இல்லை.

தங்கள்,
ராக்கியப்பன்